முகமூடிக்குள் ஆள் மாறினால்: இவருக்குப் பதில் இவர்

நவம்பர் 2, 2025, ஞாயிறு காலை

முகமூடி போட்ட நாயகனை மாற்றுவதைவிடச் சுலபமான வேலை தொலைக்காட்சியில் உண்டா? குடும்பத் தொடரில் மூத்த மருமகளை மாற்றினால் கஷ்டம்தான். முழு முகமும் தெரியும், அழுகிற விதம்கூட நமக்கு மனப்பாடம். அமெரிக்க சூப்பர்ஹீரோ தொடர் 'பேட்வுமன்' நாயகிக்கு வெளியே தெரிவதோ உதடும் தாடையும். மீதியெல்லாம் உடுப்பு, மேலங்கி, சிவப்பு விக். உள்ளே யார் நின்றால் என்ன? அந்த வேடத்தில் இருந்த ரூபி ரோஸ் விலகியதும் அந்தத் தொடர் எதற்கு அவ்வளவு சுற்றி வளைத்தது?

இப்போது ஏன் இந்தக் கேள்வி என்றால், வியாழக்கிழமை 'தி விட்சர்' நான்காவது சீசன் வந்தது. ஹென்றி கேவில் இருந்த இடத்தில் லியாம் ஹெம்ஸ்வொர்த். 2022 அக்டோபரிலேயே சொல்லிவிட்டார்கள். மூன்று வருடம் மனதைத் தயார் செய்து வைத்திருந்தும் முதல் பத்து நிமிடம் 'யாருய்யா நீ' என்றுதான் இருந்தது. அது சூப்பர்ஹீரோ கதை இல்லை, முகமும் திறந்த முகம். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க, மூடிய முகமான பேட்வுமனை மறுபடி முதலிலிருந்து எடுத்தேன்.

பார்க்காதவர்களுக்கு: 2019 அக்டோபரில் தொடங்கியது. முதல் சீசனுக்கு 22 அத்தியாயம் திட்டம், கொரோனாவால் 20-இல் நின்றது. 2020 மே மாதம் ரூபி ரோஸ் போகிறார். ஜூலையில் அந்த இடத்துக்கு ஜவிசியா லெஸ்லி பெயர் வருகிறது. 2021 ஜனவரியில் இரண்டாவது சீசன். ரூபி ரோஸ் நடித்த கேட் கேன் கதையில் காணாமல் போகிறாள், லெஸ்லி நடிக்கும் ரையன் வைல்டர் என்ற புதுப் பெண் அந்த உடுப்பைப் போட்டுக்கொள்கிறாள்.

நவம்பர் 2, இரவு

காலையில் எழுதியதை நானே கொஞ்சம் வாபஸ் வாங்குகிறேன். இரண்டு சீசனிலிருந்தும் ஒவ்வொரு சண்டைக் காட்சியை எடுத்து, ஒலியை அணைத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தாடை மட்டும் என்று சொன்னேன் அல்லவா, தாடையே போதும் போலிருக்கிறது. ரூபி ரோஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். லெஸ்லி அடிப்பதற்கு முன் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சிரிப்புச் சிரிக்கிறார். நிற்கும் விதமும் வேறு. அவர் சுவர் மாதிரி நிற்பார், இவர் பஸ்ஸுக்குள் இடம் பிடிக்கப் போகிறவர் மாதிரி முன்னால் சாய்வார்.

இன்னொன்று. ரையனுக்கு அந்த உடுப்பு விமான விபத்துச் சிதைவில் கிடைக்கிறது. வேறொருத்திக்கு அளவெடுத்தது. முதல் இரண்டு அத்தியாயமும் இரவல் சட்டையில்தான் ஓடுகிறாள். மூன்றாவதில்தான் அவளுடைய சுருட்டை முடிக்கு ஏற்ற விக்கும், அவளுக்கென்று திருத்திய உடுப்பும் வருகின்றன. அந்த இடத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், அது சொந்தக் கதை.

நவம்பர் 4

"நம் ஊர் மாதிரி ஒரு அட்டை போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே" என்று புனேயிலிருந்து ஒருவர் கேட்கிறார். நியாயம். 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி, பின்னணியில் ஒரு குரல், அடுத்த காட்சியிலேயே புது ஆள் சாம்பாரில் உப்புப் பார்த்துக்கொண்டிருப்பார். உலகத்திலேயே நேர்மையான முறை அதுதான். பொய்யே கிடையாது. கதைக்குள் விபத்து இல்லை, தீப்பிடித்துக் கட்டுப்போட்டு அவிழ்ப்பது இல்லை. நடிகர் போய்விட்டார், சம்பளம் வாங்கும் வேறொருவர் வந்திருக்கிறார், உட்கார்ந்து பாருங்கள்.

பேட்வுமன் தொடரை நடத்திய கேரலைன் டிரைஸும் இதை யோசித்திருக்கிறார். சோப் தொடர்களில் செய்வதுபோல் அதே கேட் கேனாக வேறு முகத்தை நிறுத்திவிடலாமா என்று கொஞ்ச நேரம் நினைத்ததாக 2020 ஜூனில் அவரே சொன்னார். சில அத்தியாயங்கள் ஏற்கெனவே எழுதியாகிவிட்டன, எழுதுகிறவருக்கு அதுதான் வசதி. அப்புறம் தயாரிப்பாளர் கிரெக் பெர்லான்டியின் பேச்சையும் கேட்டு, புதுப் பாத்திரம் என்று முடிவெடுத்தார்கள். ஆக அவர்கள் கையிலும் அந்த அட்டை இருந்தது. போடவில்லை.

நவம்பர் 5

குருநானக் ஜெயந்தி, ஸ்டுடியோ விடுமுறை. அத்தையோடு உட்கார்ந்தேன்.

அத்தைக்கு வயது 74. மும்பை செம்பூருக்கு வந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் திருநெல்வேலிப் பேச்சு போகவில்லை. 'பாரதி கண்ணம்மா' தொடரில் 2021-இல் ரோஷினி ஹரிப்பிரியன் போய் வினுஷா தேவி கண்ணம்மாவாக வந்தபோது எனக்குத்தான் ஒரே எரிச்சல். அத்தை அசையவில்லை. "மூணு நாள் பொறுல. பொறவு இவதான் கண்ணம்மா" என்றார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு நாள் ஆனது.

ஆனால் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' விஷயத்தில் அத்தை அப்படி இல்லை. முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்துபோனார். காவ்யா அறிவுமணி அந்த இடத்துக்கு வந்தார். அத்தை ஒரு வாரம் அந்த நேரத்துக்கு டிவியைப் போடவே இல்லை. கேட்டால் பதிலும் சொல்லவில்லை. ஒன்றில் மூன்று நாள் கணக்குச் சொன்னவர், மற்றொன்றில் ரிமோட்டைத் தொடவில்லை. புது நடிகை மீது அவருக்கு ஒரு குறையும் கிடையாது. போனவர் எப்படிப் போனார் என்பதுதான் கணக்கு.

'ஸ்பார்டகஸ்' பார்த்தவர்களுக்கும் இதே நெருடல் இருக்கும். நாயகன் ஆண்டி விட்ஃபீல்டுக்குப் புற்றுநோய் வந்தது. அவர் குணமாகி வரட்டும் என்று முன்கதையாக ஒரு குட்டித் தொடர் எடுத்துக் காத்திருந்தார்கள். அவர் 2011 செப்டம்பரில் இறந்தார். லியாம் மக்கின்டயர் வந்தார். நன்றாகத்தான் நடித்தார். ஆனாலும் அவர் வாளைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொருவர் நினைவு.

ரூபி ரோஸ் அப்படிப் போகவில்லை. சண்டைக் காட்சியில் முதுகெலும்பு வட்டுகள் விலகி அறுவை சிகிச்சை செய்துகொண்டார், சீக்கிரமே வேலைக்கும் திரும்பினார், ஒரு சீசன் முடிந்து விலகினார். அடுத்த வருடம் படப்பிடிப்புத் தளம் பற்றிக் குற்றம் சாட்டினார், நிறுவனம் மறுத்தது. அதற்குள் நான் போகவில்லை.

நவம்பர் 8

சரி, சொந்தக் கதை.

2014, வெர்சோவா–காட்கோபர் மெட்ரோ ஓடத் தொடங்கிய வருடம். செம்பூரிலிருந்து குர்லா, குர்லாவிலிருந்து காட்கோபர், அங்கிருந்து மெட்ரோவில் அந்தேரி. அங்கே ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் தமிழ் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். விளம்பரம், சமையல் நிகழ்ச்சி, கார்ட்டூன் என்று எது வந்தாலும். மேலங்கி போட்டுப் பறக்கிற ஒரு கார்ட்டூன் நாயகன், இரண்டு சீசன் முடிந்திருந்தது. அவனுக்குத் தமிழில் பேசியவர் எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு, சாயங்காலம் டப்பிங். ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். மூன்றாவது சீசனுக்கு ஆள் வேண்டும். நாலைந்து பேருக்கு வாய்ஸ் டெஸ்ட் எடுத்தார்கள். வசனம் எழுதியவன் என்பதால் சும்மா என்னையும் மைக் முன்னால் நிறுத்தினார்கள். நான் தேர்வாகிவிட்டேன். சம்பளம் அண்ணாச்சிக்குக் கொடுத்ததில் பாதி என்பது தேர்வுக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரே நிபந்தனை: வித்தியாசம் தெரியக் கூடாது. அவர் மாதிரியே பேசு. யாரிடமும் நீதான் என்று சொல்லாதே. அதாவது அட்டை கிடையாது.

கார்ட்டூனில் முகம் மாறவே இல்லை. தாடை, மேலங்கி, பறக்கும் விதம் எல்லாம் அப்படியே. குரல் மட்டும் வேறு. இதைவிட நல்ல முகமூடி கிடைக்குமா? காதில் ஹெட்ஃபோன், திரையில் வாயசைவு, கையில் நானே எழுதிய காகிதம். அண்ணாச்சியின் பழைய அத்தியாயங்களை ரயிலில் கேட்டுக் கேட்டு அடித்தொண்டையிலிருந்து பேசப் பழகினேன். இயக்குநர் சபாஷ் என்றார்.

பக்கத்து வீட்டில் ஏழு வயதுப் பையன். சனிக்கிழமை காலை எங்கள் வீட்டில்தான் பார்ப்பான், அவன் வீட்டில் அந்த நேரம் டிவி அவன் தாத்தாவிடம். புது சீசன் முதல் அத்தியாயம் ஓடுகிறது. நான் ரகசியமாக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும், என்னைத் திரும்பிப் பார்த்து, "அங்கிள், இது அவர் இல்ல" என்றான்.

ஏன்டா என்றேன்.

"அவர் பறக்கறதுக்கு முன்னாடி மூச்சு இழுப்பார். இவர் இழுக்கல."

அன்றிரவு பழைய அத்தியாயங்களை மறுபடி போட்டேன். பையன் சொன்னது சரி. ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் அண்ணாச்சி மூக்கால் ஒரு மூச்சை 'ஸ்ஸ்' என்று உள்ளே இழுக்கிறார். ஆங்கில மூலத்தில் அது இல்லவே இல்லை. எனக்குக் குரல் கேட்டது, வசனம் கேட்டது, அது மட்டும் கேட்கவில்லை.

எட்டாவது அத்தியாயத்திலிருந்து நானும் இழுக்க ஆரம்பித்தேன். அதற்குள் பையன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான்.

நவம்பர் 9

இந்தச் சிக்கல் புதிது இல்லை என்று சொல்ல வந்தவன் நடுவில் சுயபுராணம் பாடிவிட்டேன்.

1974-இல் அமெரிக்காவில் 'ஷசாம்' என்று சனிக்கிழமை காலைத் தொடர். பில்லி என்ற பையன் மந்திரச் சொல்லைச் சொன்னால் கேப்டன் மார்வெல் ஆவான். அந்த வேடத்தில் ஜாக்சன் பாஸ்ட்விக். இரண்டாவது சீசன் தொடக்கத்தில் அவருக்குப் படப்பிடிப்பில் அடிபட்டது. ஒரு நாள் அவர் தளத்துக்கு வரவில்லை, சிகிச்சைக்குப் போயிருந்தேன் என்பது அவர் தரப்பு. தூக்கிவிட்டு ஜான் டேவியை நிறுத்தினார்கள். விளக்கம் எதுவும் இல்லை. யோசித்தால் விளக்கம் தேவையும் இல்லை. வாரா வாரம் மின்னலடித்து ஒரு பையன் பெரிய ஆளாக மாறுகிறான். ஒரு வாரம் வேறு பெரிய ஆளாக மாறினால் மின்னலைத்தான் கேட்க வேண்டும்.

1988-இல் 'சூப்பர்பாய்'. முதல் சீசனில் ஜான் ஹேம்ஸ் நியூட்டன், இரண்டாவதிலிருந்து ஜெரார்ட் கிறிஸ்டோபர். இதிலும் நாயகனுக்கு ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. ஆனால் அதே சமயத்தில் வில்லன் லெக்ஸ் லூதரையும் மாற்றினார்கள், அவனுக்கு மட்டும் முகத்தில் அறுவை சிகிச்சை என்று காரணம் சொன்னார்கள். நாயகனை நம்பிவிடுவோமாம், வில்லனுக்குத்தான் மருத்துவச் சான்றிதழ் வேண்டுமாம்.

நம் பங்குக்கு 'சக்திமான்'. 1997-இல் தூர்தர்ஷனில் தொடங்கியது. முகேஷ் கன்னாவை யாராலும் அசைக்க முடியவில்லை. நிருபர் கீதா விஷ்வாஸ்தான் மாறினார், முதலில் கிட்டு கிட்வானி, பிறகு வைஷ்ணவி மகந்த். எங்கள் கட்டடத்தில் அப்போது இந்தி சரியாகத் தெரிந்தவர் நான் ஒருவன்தான், எல்லாப் பிள்ளைகளுக்கும் நான்தான் மொழிபெயர்த்துச் சொல்வேன். கீதா மாறிய வாரம் ஒரு சிறுமி, "இவங்க அவங்க தங்கச்சியா?" என்றாள். ஆமாம் என்றேன். அந்தக் கட்டடத்தைப் பொறுத்தவரை கீதாவுக்கு ஒரு தங்கை இருந்தாள்.

நவம்பர் 9, மறுபடி

'டாக்டர் ஹூ' பற்றிச் சொல்ல வருகிறவர்களுக்கு: தெரியும். 1966, அந்த பிரிட்டிஷ் தொடரின் நாயகன் ஹார்ட்னெல் உடம்புக்கு முடியாமல் விலகியதும் உருவமே மாறுகிற உயிர் என்று கதையிலேயே கட்டிவிட்டார்கள். அது பிரச்சினையைத் தீர்த்தது இல்லை, பிரச்சினையையே தொழிலாக்கியது. அதை இங்கே கொண்டுவராதீர்கள்.

நவம்பர் 15

பேட்வுமனுக்கு வருகிறேன். முதலில் என் குற்றச்சாட்டு இதுதான்: நாயகியை மாற்றினார்கள், வில்லியை அனாதையாக்கிவிட்டார்கள். ஏலிஸ் யார்? கேட்டின் இரட்டைச் சகோதரி, செத்துவிட்டதாக நினைத்தவள். அவள் செய்கிற ஒவ்வொரு கொடுமைக்கும் 'அக்கா, என்னை ஏன் தேடவில்லை' என்பதுதான் அடி. ரேச்சல் ஸ்கார்ஸ்டன் அதை அற்புதமாகச் செய்தார். அக்காவே இல்லையென்றால் அவள் யாரிடம் போய்க் கோபப்படுவாள்?

இரண்டாவது சீசனைப் பாதி பார்த்தபின் இது முழுசாகச் சரியில்லை என்று தெரிகிறது. ரையனின் வளர்ப்புத் தாயைக் கொன்றது ஏலிஸின் கூட்டம். ஆக பழி தீர்க்கும் கணக்கு இப்போது திரும்பி நிற்கிறது. முதல் சீசனில் ஏலிஸுக்குக் கேட் மீது கோபம், இப்போது ரையனுக்கு ஏலிஸ் மீது. ரையன் சிறை சென்று வந்தவள், ஒரு வேனில், ஒரு செடியோடு குடித்தனம் நடத்துகிறவள். மும்பையில் வாடகை கொடுப்பவர்களுக்கு அந்த வேன் உடனே புரியும்.

எனக்குப் பிடித்தது, சுற்றியிருப்பவர்கள் அவளை உடனே ஏற்றுக்கொள்ளாததுதான். கேட்டின் கூட்டாளி லூக்கும் தங்கை முறையான மேரியும் கேட்டைத் தேடுகிறார்கள். உடுப்பைத் திருப்பிக் கொடு என்கிற பார்வை முதலில் எல்லோரிடமும் இருக்கிறது. பார்க்கிற நமக்கு என்ன மனநிலையோ அதே மனநிலை கதைக்குள் இருக்கிறவர்களுக்கும். அட்டை போட்டிருந்தால் இது கிடைத்திருக்காது. சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள்.

புனே நண்பரே, அட்டைதான் நேர்மை என்று 4ஆம் தேதி எழுதினேன். நேர்மைதான். ஆனால் போனவருக்காக யாரும் ஒரு நாள்கூடத் துக்கம் காக்க வேண்டாம் என்றும் அது சொல்கிறது.

நவம்பர் 16

"ஏலிஸ் ஆள்தோலில் முகம் தைப்பவள் ஆயிற்றே, கேட்டுக்குப் புது முகம் தைத்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை?" டெல்லிக்காரர் ஒருவர் கேட்கிறார். முதல் சீசன் முடிவில் அவள் டாமி எலியட் என்ற வில்லனுக்கு புரூஸ் வெய்ன், அதாவது பேட்மேன், முகத்தையே தைத்துக் கொடுத்தாள், ஆகவே வசதி கையிலேயே இருந்தது.

நானும் இதே கேள்வியோடுதான் இருந்தேன், நேற்றிரவு வரை. பிறகு பார்த்தால் செய்திருக்கிறார்கள்! அதே சீசனில் கேட் உயிரோடு திரும்புகிறாள், வேறு முகத்தோடு, வேறு நினைவுகளோடு. வாலிஸ் டே நடித்தார். ஆக ஒரு பாத்திரத்துக்கு இரண்டு நடிகைகள், ஓர் உடுப்புக்கு இரண்டு பாத்திரங்கள். எல்லா வழியையும் ஒரே தொடரில் முயன்று பார்த்துவிட்டார்கள். கடைசியில் கேட் புரூஸைத் தேடி ஊரைவிட்டுப் போகிறாள், உடுப்பு ரையனிடமே நிற்கிறது.

கேட் கேனே காமிக்ஸில் ஒரு 'பதில்'தான். 1956-இல் வந்த முதல் பேட்வுமன் கேத்தி கேன். இந்தக் கேட் 2006-இல் வந்தவள். அசல் யார் என்று தேடிப்போனால் வேலை முடியாது.

ஒரு கணக்கும் போட்டேன். தொடர் 2022-இல் நிறுத்தப்பட்டபோது மொத்தம் 51 அத்தியாயம். ரூபி ரோஸ் 20, லெஸ்லி 31. இன்னமும் நான் அவரை 'மாற்று நாயகி' என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இனி எழுத மாட்டேன்.

நவம்பர் 23

அண்ணாச்சிக்கு போன் போட்டேன். பதினோரு வருடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை, இங்கே எழுதிய பிறகுதான் தோன்றியது.

தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். பறக்கும் முன்னால் மூச்சு இழுப்பீர்களே, அது எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது. அப்புறம் சிரித்தார்.

"தம்பி, அது ஸ்டைலும் இல்ல, ஒண்ணும் இல்ல. சளி. அந்த ஏசி ரூம்ல மொத பத்து நாள் மூக்கடைச்சே கெடந்தேன். ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாலயும் உறிஞ்சிக்கிடுவேன். வெட்டிருவாங்கன்னு நெனச்சேன். வெட்டல. அப்பொறம் சளி போன பொறவும் டைரக்டர், சார் அந்த மூச்சு எங்கன்னாரு."

ஆக நான் எட்டாவது அத்தியாயத்திலிருந்து சீசன் முடியும்வரை இன்னொருவருடைய ஜலதோஷத்தை நடித்திருக்கிறேன். அதுவும் பாதிச் சம்பளத்துக்கு.

2ஆம் தேதி இரவு விக் மாறியபோது நிம்மதி என்று எழுதினேன் அல்லவா, இதுதான். ரையனுக்கு மூன்றாவது அத்தியாயத்தில் சொந்த முடி கிடைத்தது. எனக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணாச்சியிடம் நான்தான் உங்களுக்குப் பிறகு பேசினேன் என்று சொன்னேன். "தெரியும். பேரன் பார்த்தான். நல்லா உறிஞ்சினீரு" என்றார்.

டிசம்பர் 7

கடைசியாக ஒன்று, அப்புறம் இதை விட்டுவிடுகிறேன்.

நாலாவது சீசனுக்கு என்னையும் மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை, அதற்கும் அட்டை இல்லை. கோபத்தில் அந்த சீசனை நான் பார்க்கவே இல்லை. நேற்று தேடிப் பிடித்து ஓர் அத்தியாயம் போட்டேன். புதுக் குரல்காரர் சின்னப் பையன் போலிருக்கிறது, குரல் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. கட்டடத்தின் உச்சியில் நாயகன் வந்து நிற்கிறான். மேலங்கி பறக்கிறது. 'ஸ்ஸ்'.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு இப்போது பதினெட்டு வயது. மாட்டுங்காவில் கல்லூரி. தாத்தா போய்விட்டார், டிவி அவன் வசம்தான், ஆனாலும் சனிக்கிழமை வந்து போவான். போனில் அந்த ஒரு நிமிடத்தைக் காட்டினேன். யார், எந்த சீசன் என்று எதுவும் சொல்லவில்லை. 2014-இல் பேசியது நான்தான் என்று அவனிடம் இன்றுவரை சொன்னதில்லை.

கேட்டான். திரும்ப ஒரு முறை போடச் சொன்னான்.

"இவர்தான் அங்கிள் அவர்" என்றான்.